ஸ்டாப்பரின் இடது முழங்கால்

உள்நாட்டு முழங்கால் ஒரு லட்சத்து அறுபதாயிரம், வெளிநாட்டு முழங்கால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், பழையதை எடுத்துக்கொண்டு ஏதாவது கழித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டேன், கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை, பேரம் தெரிந்தவர்கள் யாரும் ஆஸ்பத்திரி வேலைக்கு வருவதில்லை போலிருக்கிறது, இப்போது நான் மல்லாந்து கிடக்கிறேன், முதுகில் போட்ட ஊசி இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் அணைத்துவிட்டது, நெஞ்சுக்கு நேராக ஒரு பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் என் கால், இந்தப் பக்கம் நான், மயக்க டாக்டர் குனிந்து வலிக்கிறதா சார் என்கிறார், இல்லை என்கிறேன், அது உண்மை, நான் சொன்ன உண்மைகளிலேயே அதிகச் சேதம் செய்தது அதுதான், துணிக்குப் பின்னால் நான்கு கைகள் அசைகின்றன, என்ன செய்கின்றன என்று தெரியவில்லை, ஆனாலும் இது எனக்குப் பழகிய காட்சி, துணிக்கு அடியில் கைகள், மேலே சம்பந்தமில்லாத பேச்சு, காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வாப்பா இப்படித்தான் கல் விற்பார், மாணிக்கமோ நீலமோ ஒரு காகிதப் பொட்டலத்தில் பிரிந்து கிடக்கும், வாங்க வந்தவரும் வாப்பாவும் கைகொடுத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள், அடியில் விரல்கள் விலை பேசும், ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் இன்னொன்று, வெளியே இரண்டு முகங்களும் கொழும்பில் மழை எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கும், கல்லுக்குள் கீறல் இருந்தால் வாப்பா சொல்லமாட்டார், பொய்யும் சொல்லமாட்டார், கீறல் உண்டா என்று கேட்டால் உண்டு என்பார், கேட்காவிட்டால் டீ கொண்டுவரச் சொல்வார், அந்த டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் நான் வளர்ந்தேன்.

எங்கள் ஊரில் பந்து ஆடாதவன் இல்லை, ஆடுகிற அத்தனை பேரும் ஃபார்வர்டு, எல்லோருக்கும் கோல் போட வேண்டும், சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அது மலியும் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் ஸ்டாப்பர் ஆனேன், பின்வரிசையில் நடுவே நிற்பவன், வருகிறவனைப் போகவிடாமல் செய்வது வேலை, கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும், விழாத கோலை எழுத எந்தப் பேப்பரிலும் இடம் கிடையாது, பரவாயில்லை, கூலி வந்தால் போதும், தூத்துக்குடிக்கு ஆடினேன், பிறகு மலப்புறத்தில் வயலைச் சமன்செய்து மூங்கிலில் கேலரி கட்டி நடத்தும் ஏழுபேர் ஆட்டங்களுக்குப் போனேன், அங்கே கானா நாட்டு ஃபார்வர்டு ஒருவன், தொண்ணூறு கிலோ இருப்பான், என் இடது முழங்கால்மேல் உட்கார்ந்ததுபோல் விழுந்தான், விழுந்துவிட்டு ஸாரி பிரதர் என்றான், கோழிக்கோட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நார் பாதி அறுந்திருக்கிறது, கிழித்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை விட வேண்டும் என்றார், அவர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருந்தது, விற்றுவிடுவது, அதே மாதம் கொல்கத்தாவிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது.

வாப்பாவும் கூட வந்தார், அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது, விலை தெரியும், கிளப்பின் செக்ரெட்டரி மஜும்தார் பாபு பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், வாப்பா கை கொடுத்தார், கொடுத்த கையை விடாமல் இடக்கையால் கைக்குட்டையை எடுத்து மேலே போட்டார், மந்திர வித்தை ஏதோ காட்டப்போகிறார் என்று மஜும்தார் பாபு சிரித்தார், அடியில் வாப்பா விரல்களை அழுத்த அழுத்தச் சிரிப்பு நின்றது, ஆறு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தில் கைக்குட்டை விலகியது, அதற்கப்புறம் கிளப் டாக்டர் என் காலை மடக்கி நீட்டி வலிக்கிறதா என்று கேட்டார், காலையில் சியால்டா பக்கம் ஒரு லாட்ஜில் கால் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன், வலிக்கவில்லை என்றேன், வெளியே வந்து மண்குவளையில் டீ குடித்தோம், பழைய அடி எதாச்சும் உண்டான்னு கேட்டானா என்று வாப்பா கேட்டார், கேக்கல வாப்பா என்றேன், அப்பச் சரி மவனே, பாத்து வாங்குறது அவன் பாடு என்றார், அந்த டீ நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கினோம்.

பிறகு வருடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியவில்லை, ரயில், லாட்ஜ், ஈரமான காலுறை வாசம், கோவாவில் மழையில் ஆடியதா ஷில்லாங்கில் ஆடியதா, ஒரு கனவில் எதிரணி ஃபார்வர்டுகள் எல்லோரும் வாப்பாவின் வாடிக்கையாளர்கள், லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் முழங்காலைப் பார்த்தபடியே ஓடி வருகிறார்கள், பெரிய ஆட்டமென்றால் ஊசி, சின்ன ஆட்டமென்றால் இறுகக் கட்டு, மரத்துப்போன காலோடு நடப்பது அடுத்த வீட்டுக்காரன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி, விழமாட்டோம், ஆனால் நம்முடையதில்லை, ஆறாவது சீசனில் எபினேசர் வந்தான், வியாசர்பாடிக்காரன், என்னைவிட நான்கு வயது மூத்தவன், மூன்று சீசன் என் பக்கத்தில் இன்னொரு ஸ்டாப்பராக நின்றான், எங்கள் இருவருக்கும் நடுவே எட்டு ஸ்டெப், அதுதான் கணக்கு, ஒருவனுக்கு உடம்பு சரியில்லையென்றால் மற்றவன் இரண்டு ஸ்டெப் உள்ளே வந்து நிற்பான், கோச்சுக்குக்கூடத் தெரியாது, பாய், இன்னிக்கு வவுறு சரியில்ல, கொஞ்சம் பாத்துக்கோ என்பான், நான் உள்ளே வருவேன், வூட்ல சண்ட பாய், மனசு இங்க இல்ல என்பான், உள்ளே வருவேன், என் காலைப் பற்றி நான் சொன்னதேயில்லை, ஏனென்றால் ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் காய்ச்சலோடு இறங்கப் பார்த்தபோது இவன்தான் நேராகக் கோச்சிடம் போய், ஆள மாத்து சார், செத்துருவான் என்று சொன்னவன், அப்படிப்பட்டவனிடம் கீறலைக் காட்ட முடியுமா, சரக்கு இன்னும் கடையில் இருக்கும்போது.

சிலிகுரியில் இறுதி ஆட்டம், மத்தியானம் மூன்றரை மணி, மூன்று வருடத்துக்கான புது ஒப்பந்தத்தை ஃபைலில் போட்டுக்கொண்டு மஜும்தார் பாபு அதே ஓட்டலில் தங்கியிருக்கிறார், மறுநாள் காலை கையெழுத்து, என் முழங்கால் பம்பளிமாஸ் மாதிரி வீங்கியிருக்கிறது, ஒரு ஊசி கேட்கவில்லை, இரண்டு போட்டுக்கொண்டேன், மைதானத்துக்குள் போகும் சந்தில் வரிசையாக நிற்கிறோம், வெளியே மேளம், எபினேசர் முன்னாலிருந்து திரும்பினான், கால் எப்டிக்கீது பாய், உண்மைய சொல்லு, நான் ரெண்டு ஸ்டெப் உள்ள நின்னுக்கிறேன் என்றான், யாரும் கேட்காத கேள்வியை அவன் கேட்டுவிட்டான், கேட்டால் சொல்ல வேண்டும், வாப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார், அவருடைய வியாபாரத்துக்கு அந்த ஒரு கரை உண்டு, நான் அவரைவிடக் கெட்டிக்காரன், கேள்விக்குள் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்தேன், வலிக்கல எபி என்றேன், ஒரு கணம் என்னைப் பார்த்தான், சரி பாய் என்று திரும்பிக்கொண்டான், எட்டு ஸ்டெப் தள்ளியே போய் நின்றான், நாங்கள் ஒரு கோல் போட்டோம், எழுபத்தெட்டாவது நிமிடம், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பந்தை உள்ளே விட்டார்கள், அவர்களுடைய ஃபார்வர்டு என் இடப்பக்கமாகப் போகிறான், திரும்பு என்று காலுக்குச் சொல்லி அனுப்புகிறேன், செய்தி போய்ச் சேரவில்லை, கால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இனி கோல்கீப்பரும் அவனும்தான், அப்போது எபினேசர் எட்டு ஸ்டெப்பையும் ஓடி வந்து, முழு நீளத்துக்கும் சறுக்கி, பந்தை வெளியே தட்டிவிட்டான், தட்டிய காலின்மேல் ஃபார்வர்டு விழுந்தான், இரண்டு ஸ்டெப் உள்ளே நின்றிருந்தால் நின்றபடியே எடுத்திருப்பான், ஒரு சத்தம், துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுத்தியலால் தட்டுகிறார், படுத்திருக்கும் மேசை அதிர்கிறது, இது அந்தச் சத்தமா, அது இந்தச் சத்தமா, இரண்டிலும் எனக்கு வலிக்கவில்லை.

ஒன்றுக்கு சைபர், கோப்பை எங்களுக்கு, கோல் போட்டவன் படம் மறுநாள் பேப்பரில், மறுநாள் காலை மஜும்தார் பாபுவின் பேனாவில் கையெழுத்துப் போட்டேன், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆப்பிள் வாங்கினேன், ஆப்பிளுக்கும் பேரம் பேசினேன், எபினேசர் கட்டுப்போட்ட காலை மேலே தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான், கோல் வுழலதானே என்று கேட்டான், இல்ல என்றேன், அப்ப சரி என்று கண்ணை மூடிக்கொண்டான், அவன் அதற்குப் பிறகு ஆடவில்லை, நான் மூன்று சீசன் ஆடினேன், வாப்பா மவுத்தாகிப் போனார், கல் வியாபாரத்தை நான் எடுத்துக்கொண்டேன், நன்றாகத்தான் போகிறது, இப்படிப் பதினெட்டு வருடம், போன வெள்ளிக்கிழமை இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள், இதற்கு முன் முழங்காலில் அடிபட்டதுண்டா, எப்போது, எப்படி, விவரமாக எழுதவும், முதல்முறையாக ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார், மலப்புறம், கானாக்காரன், பாதி நார், ஊசிகள், எல்லாவற்றையும் எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன், எழுதி முடித்துக் கொடுத்த பிறகுதான் உறைத்தது, முகம் தெரியாத ஒரு கிளார்க்கிடம் சொன்னதை இன்னும் எபினேசரிடம் சொல்லவில்லை, ஆட்டோ பிடித்தேன், ராயபுரத்தில் ஒரு லாரி கம்பெனி வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இருந்தான், தலை நரைத்து, வலது கால் ஒரு அங்குலம் குறைந்து, வா பாய், இன்னா இப்டி தாங்கித் தாங்கி நடக்குற, நாந்தான் நொண்டின்னு பேரு என்றான், ஸ்டூலைத் தள்ளிப் போட்டான், லாரிக்காரர்கள் வந்து டோக்கன் வாங்கிப் போனார்கள், நடுநடுவே சொன்னேன், விலை சொல்வதுபோல் மெதுவாகத்தான் சொல்ல வந்தது, சிலிகுரியில் கால் செத்துக் கிடந்தது எபி, ரெண்டு ஊசி போட்டிருந்தேன், உன்கிட்ட மறைச்சேன் என்றேன், அவன் டோக்கன் கட்டில் ஒன்றைக் கிழித்து ஒரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தெரியும் பாய் என்றான், நீ பஸ்லேர்ந்து எறங்கும்போதே பாத்தேன், ஒவ்வொரு படியா எறங்குன என்றான், அப்புறம் ஏன் கேட்டே என்றேன், நீயே சொல்வேன்னு, என்றான், தெரிஞ்சும் ஏன் தள்ளி நின்னே, கோச்சுகிட்ட ஏன் சொல்லல, என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், ஒரு டிரைவர் திரும்பிப் பார்த்தார், எபினேசர் உயர்த்தவில்லை, வலிக்கலன்னு சொல்டியே பாய், பக்கத்துல ஆட்றவன் சொல்றத நம்பாம எப்டி ஆட்றது, உன் வார்த்தைய சோதிச்சிப் பாத்துதான் நான் நிக்கணும்னா அது புட்பால் இல்ல, உங்க கல்லு யாவாரம், என்றான், அடுத்த லாரி வந்தது, அவன் எழுந்து போனான், நான் கொஞ்ச நேரம் இருந்தேன், அவன் அந்தப் பக்கமே நின்று டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான், கிளம்பி வந்துவிட்டேன்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் எஃகுத் தட்டில் ஏதோ விழுந்தது, கூழாங்கல் விழுவதுபோல், என் பழைய முழங்காலா சார் என்றேன், அதுதான் சார், பார்க்கிறீங்களா என்றார் மயக்க டாக்டர், வேண்டாம் என்றேன், அதற்கு இப்போது விலை கேட்பவர் யாருமில்லை, வேறு வேலை இல்லாததால் கணக்குப் பார்க்கிறேன், சீசன் பதினொன்று, ஆட்டம் இருநூற்றுப் பதினேழு, மஞ்சள் அட்டை நாற்பத்தொன்று, சிவப்பு நான்கு, கோல் மூன்று, அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே போட்டது, கழித்தால் இரண்டு, ஊசி இருபத்தாறு, கோப்பை ஒன்று, விழாத கோல்களை யாரும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை, எபினேசர் கேட்ட கேள்வி ஒன்று, அதற்கான பதில் ஒன்று, பதினெட்டு வருடம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டானா என்று தெரியவில்லை, அதனால் அந்த வரியை மட்டும் கணக்கு தீர்ந்ததென்று அடிக்காமல் விட்டிருக்கிறேன்.