நாலு வருஷம் மூணு வயசு

"இந்த உலகத்துலயே தொடர்ந்து நாலு வருஷம் மூணு வயசா இருந்த ஒரே ஆள் நான்தான்" என்றார் நெவ் ஹாட்ரிக், ஒரு இறாலின் தலையைத் திருகி எடுத்தபடி.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுபது வருடமாக அந்த வாயிலிருந்து வந்த சரக்கு அப்படி. முதுகில் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி ஈமுவைத் தோற்கடித்தவர் அவர். டால்பி ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது, மிதந்துவந்த பசுவின் மேல் ஏறித் தபால் நிலையம் போய், பசுவை வரிசையில் நிறுத்திவிட்டுத் தபால்தலை வாங்கி வந்தவர் அவர். சொன்னவரும் அவரேதான்.

ஈஸ்டர் சனிக்கிழமை. பர்லீ கடற்கரையில் வழக்கமான அதே இடத்தில் கேரவனை நிறுத்தி, பக்கத்தில் கித்தான் பந்தலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேஜை நடுவே பழைய செய்தித்தாள்மேல் இறால் குவிந்திருந்தது. எதிரே அவருடைய அக்கா கோரல். அவரைவிட ஏழு வயது மூத்தவர்; பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து, ஜன்னலை உடைத்தது யார் என்று பிள்ளைகளைத் தாங்களாகவே சொல்லவைத்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நெவ்வின் மகள் கெரின், நாளைக்குப் போகவிருக்கும் தீம் பார்க்குக்குக் கைபேசியில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு கிளம்பியதே அந்தக் கைபேசியிலிருந்துதான்.

"நாலு வயசுக்குக் கீழன்னா இலவசமாம். மெய்சிக்கு நாலு முடிஞ்சு ரெண்டு நாள்தானே ஆகுது. மூணுன்னே போட்டுடறேன். யாரு பாக்கப்போறா?" என்று கெரின் தன் மகளைக் காட்டிக் கேட்டிருந்தாள்.

"போடாதம்மா" என்று கோரல் சொல்லியிருந்தார். "ஹாட்ரிக் குடும்பத்துல எவனும் எந்த கேட்டுலயும் வயசைக் குறைச்சுச் சொன்னதில்ல."

அதற்குப் பதிலாகத்தான் நெவ் தன் நாலு வருடத்தை எடுத்துவிட்டார்.

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் கோரல். "நெவ், இறாலைச் சாப்பிடு."

"அக்கா, நீயும்தானே கூட இருந்தே."

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல."

இந்த வாக்கியத்தை நெவ் ஐம்பது வருடமாகக் கேட்டுவருகிறார். அப்பாவின் சவ அடக்கத்தன்று, வந்தவர்களைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாமென்று எழுந்து இதே கதையைத் தொடங்கினார். பாதியில் கோரல் எழுந்து, "தம்பி துக்கத்துல ஏதோ பேசறான்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். ஈமு கதையை யாரும் நம்பாவிட்டால் நெவ்வுக்குக் கவலையில்லை. அவருக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் இது நடந்தது. அவர் சொல்லும் கதைகளில் முழுக்க நடந்தது இது ஒன்றுதான். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. கதை நடந்த பூங்கா இருந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடம் நிற்கிறது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, எதிரே உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தது. அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஈஸ்டர்களே இல்லையென்று ஆகிவிடும்.

"என்னதான்ப்பா நடந்துச்சு?" என்றாள் கெரின். அது போதும் அவருக்கு.

"உன் தாத்தா டால்பி தானியக் கிடங்குல எடைமேடைக்காரர். கோதுமை லாரி வந்தா, டயர்ல ஒட்டுன சேத்தைச் சுரண்டிட்டுத்தான் எடை போடுவாரு. ஒருநாள் மூட்டைமேல ஒரு கிளி உக்காந்துட்டுது. அது பறக்கட்டும்னு பதினேழு லாரியை நிறுத்தி வச்சாரு. அந்த வரிசை எண்பது கிலோமீட்டர் தள்ளி டூவூம்பா வரைக்கும் போச்சு."

"மூணு லாரி" என்றார் கோரல்.

"பாத்தியா, கிளி உண்மை."

மழை பொய்த்த வருடங்கள் அவை. கோதுமை வராவிட்டால் எடைமேடைக்கு என்ன வேலை? வாரத்தில் மூன்று நாள் சம்பளம்தான். ஆனாலும் ஈஸ்டர் சனிக்கிழமை மட்டும் விடியுமுன் பழைய ஹோல்டன் காரில் நாலு பேரும் ஏறி, மலையிறங்கி, கடலுக்கு வருவார்கள். கடலைவிடப் பெரிய விஷயம் கூழைக்கடாப் பூங்கா. வாசலில் இரண்டு ஆள் உயரத் தகரக் கூழைக்கடா. அதன் திறந்த வாய்க்குள்தான் டிக்கெட் கவுன்ட்டர். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மிஸஸ் கில்பி. அவருடைய மூக்குக்கண்ணாடி, இரண்டு பக்கமும் சிறகு விரித்துப் பறக்கத் தயாராக இருக்கும்.

"என்கிட்ட மூணு டிக்கெட்டுக்குத்தான் காசிருக்கு. நாலாவது ஆளுக்கு மூணு வயசு" என்று ஒரு வருடம் அம்மா ஐவி காரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நெவ்வுக்கு அப்போது நாலு வயது முடிந்து இரண்டு மாதம்.

பூங்காவுக்கு ஒரு தெரு முன்னாலேயே கார் நிற்கும். அம்மா டிக்கியிலிருந்து பழைய தள்ளுவண்டியை எடுப்பாள். நெவ்வை அதில் மடித்து வைப்பாள். மடித்து என்றால், கடையில் குடை மடிப்பார்களே அப்படி. தலையில் நாடா வைத்த குல்லா, தாடைவரை கம்பளி. "வாயைத் திறந்தே, கடல்நாய்க்குப் போட்டுருவேன்" என்று ஒரு தாலாட்டு.

"அஞ்சு வயசுல முட்டி ரெண்டும் காதைத் தொட்டுச்சு" என்றார் நெவ். "ஆறு வயசுல முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு. மூணு வயசுக்காரனுக்கு எங்க பல்லு விழும்? அதனால வாயில ரப்பர் நிப்பிள். ஏழு வயசுல கால் சக்கரத்துக்கு வெளிய வந்துடுச்சு. அம்மா தள்ளவே வேணாம், நானே மிதிச்சு ஓட்டிக்கிட்டேன். மீசை அரும்புனதை அம்மா மாவு போட்டு மறைச்சா."

"ஏழு வயசுல மீசையாப்பா?"

"நல்ல சாப்பாடு."

மெய்சி மேஜைக்கு அடியிலிருந்து சிரித்தாள். அவள் மார்பில் '4' என்று போட்ட பிறந்தநாள் பட்டை இரண்டு நாளாகக் குத்தியபடியே இருந்தது. தூங்கும்போதும் கழற்ற விடவில்லை.

"இதுல கொடுமை என்னன்னா, அந்தத் தள்ளுவண்டில நான் மட்டும் இல்ல. கம்பளிக்கு அடில, என் மடியில ஒரு பரங்கிக்காய். டால்பில எங்க வீட்டுத் தோட்டத்துல காய்ச்சது. வருஷா வருஷம் அப்பா அதை எடுத்து கவுன்ட்டர்ல வைப்பாரு. லஞ்சம். மிஸஸ் கில்பி வாயை அடைக்க. ஒவ்வொரு வருஷமும் அது பெருசாகிட்டே போச்சு. கடைசி வருஷம் வண்டில பரங்கிக்காய் உக்காந்துச்சு, நான் அதைச் சுத்தி இருந்தேன்."

கோரல் எலுமிச்சையைக் கீழே வைத்தார்.

நெவ்வுக்கு இப்போது நல்ல வேகம். ஏழு வயது வருடம் அது. அவர் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கும் காய்ச்சல். சோப்பு டப்பா, கார் எண், கல்லறை, எதையும் விடுவதில்லை. கவுன்ட்டருக்கு மேலே புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நிப்பிளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, தள்ளுவண்டிக்குள்ளிருந்து கணீரென்று வாசித்தார்:

"நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இலவசம். கடல்நாய்களுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். தொலைந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

கூழைக்கடாவின் வாய்க்குள் அமைதி. பின்னால் நின்றிருந்த வரிசையும் மூச்சை நிறுத்திக்கொண்டது. நெவ்வின் கணக்கில் அந்த வரிசையில் எண்ணூறு பேர். அம்மா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கல்லாகிவிட்டாள். மிஸஸ் கில்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"என் புருஷனுக்கு அறுபது வயசு. 'நிர்வாகம்'னு அவருக்கே ஒழுங்கா வாசிக்க வராது. புத்திசாலிக் குட்டி. போங்க உள்ள" என்றார்.

உள்ளே போனதும் தள்ளுவண்டியிலிருந்து அவரைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு காது உடைந்த மரக்குதிரை ராட்டினத்தில் இருந்தது. அது எப்போதும் அவருடையது. அப்பா பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார், பிடிக்கத் தேவையில்லாத வயதிலும். கடல்நாய் பந்தைத் தட்டும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். வருடத்தில் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் எங்கே வைத்திருந்தாளோ, அத்தனை சிரிப்பையும் அன்றைக்கே செலவழித்துவிட்டுக் காரில் ஏறுவாள். இதைச் சொல்லும்போது நெவ் எதையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க வேண்டியிருக்கவுமில்லை.

ஆனால் கெரின் சிரித்துவிட்டாள். "கிளி, மீசை, எண்ணூறு பேரு. அப்பா, இதுல ஒண்ணாவது நடந்துச்சா?"

மீசையை விட்டிருக்கலாம் என்று நெவ்வுக்குப் பட்டது. நம்பவைக்கவேண்டுமென்று இன்னும் ஒரு படி ஏறினார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

"நடந்துச்சும்மா. அப்பா அப்படியே மிஸஸ் கில்பி கண்ணைப் பாத்து, 'பையனுக்கு மூணு வயசு'ன்னு நாலு வருஷமும் சொன்னாரு. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. நடிகனாப் போயிருக்கவேண்டிய மனுஷன்."

"அவர் சொல்லல."

கோரலின் குரல் பள்ளிக் குரலாக இருக்கவில்லை. கையிலிருந்த இறாலை உரிக்காமலே செய்தித்தாளில் வைத்தார்.

"என்னது அக்கா?"

"அப்பா ஒரு வார்த்தை சொல்லலடா. பொய் சொல்லணும்னு நெனைச்சாலே அவருக்குக் காது ரெண்டும் செவந்துபோயிடும். கவுன்ட்டர் வந்ததும் கடல் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு. அம்மா உன் கம்பளியையே சரிபண்ணிட்டு இருப்பா. நாலு பேரும் அங்கயே நிக்கிறோம். உள்ள ராட்டினப் பாட்டு கேக்குது. எனக்குப் பதினோரு வயசு. நான்தான் சொன்னேன், 'தம்பிக்கு மூணு'ன்னு."

ஐம்பத்தாறு வருடமாகத் தன் கதையில் அப்பாவுக்கு நெவ் கொடுத்திருந்த வசனம் அது. தள்ளுவண்டிக் குல்லாவுக்குள்ளிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோருடைய முட்டியும்தான்.

"அப்புறம் அந்தப் பரங்கிக்காய் லஞ்சமும் இல்ல" என்றார் கோரல். "குழந்தை டிக்கெட் என்ன விலை, டால்பில பரங்கி என்ன விலைன்னு கணக்குப் போட்டு, சரியா அந்த எடைக்குக் காயைத் தேடிப் பறிச்சு, கிடங்கு ஆபீஸ்ல இருந்த சின்னத் தராசுல நிறுத்துக் கொண்டுவருவாரு. காம்பை வெட்டிட்டுத்தான் நிறுப்பாரு. அந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா காயையும் வித்திருப்பா. என்கிட்ட மட்டும் சொன்னாரு. டிக்கெட் விலை ஏற ஏற, காயும் பெருசாச்சு."

"அதான் எனக்கு வண்டில இடமே இல்லாம போச்சா?"

"அதான்."

கெரின் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "ஏன் அத்தை இத்தனை வருஷமா இல்லன்னே சொன்னீங்க?"

"நாப்பது வருஷம் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, 'உண்மையைச் சொல்லு'ன்னவ நான். அந்த வாய் பொய் சொல்ல எங்க பழகுச்சுன்னு சொல்லச் சொல்றியா? அப்பா பேரைச் சொல்லி இவன் ஊரெல்லாம் சிரிக்கவைக்கிறான்னு தெரியும். இல்லவே இல்லன்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு இருந்துட்டேன்."

அக்கா சொன்னதைவிட, அக்கா அங்கே நின்றிருந்ததுதான் நெவ்வுக்குப் பெரிதாகப் பட்டது. கம்பளிக்கு வெளியே, எட்டிப் பார்த்தால் மூக்குதான் கவுன்ட்டரில் இடிக்கும் உயரத்தில், அவருடைய ராட்டினத்துக்காக ஒரு சிறுமி.

மேஜைக்கு அடியிலிருந்து மெய்சி எழுந்துவந்து, பட்டையை நிமிர்த்திக் காட்டினாள். "எனக்கு நாலு. மூணு இல்ல. நாளைக்கு கேட்டுல நானே சொல்லிடுவேன்."

"சரிம்மா, நாலுன்னே போடறேன்" என்று கெரின் கைபேசியை எடுத்தாள்.

நெவ் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா உரிக்காமல் விட்ட இறாலை எடுத்து, உரித்து, அவருடைய தட்டில் வைத்தார். "அப்போ நடந்ததுதானே அக்கா? மீசையை விட்டுடு. நாலு வருஷம் நான் மூணு வயசா இருந்தது. நடந்துச்சா, இல்லையா? இவளுக்குக் கேக்கறமாதிரி சொல்லு."

கோரல் இறாலைத் தின்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"நாலு தப்பு" என்றார். "நீ பலகையை வாசிச்சதுக்கு அடுத்த வருஷமும் வந்தோம். வழியில உனக்குக் கார்ல நல்ல தூக்கம், கேட் தாண்டித்தான் முழிச்சே. தள்ளுவண்டி உடைஞ்சுபோச்சு, அப்பா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டாரு. எட்டு வயசு உனக்கு. உன் கால் அவர் முட்டிக்குக் கீழ தொங்குச்சு. இன்னொரு கையில பரங்கிக்காய், கடல் பக்கம் பாத்துட்டு நிக்கிறாரு. மிஸஸ் கில்பி உன் செருப்பையே பாத்தாங்க. 'இன்னும் மூணுதானாம்மா?'ன்னு என்னைக் கேட்டாங்க. 'மூணுதான்'னேன். 'நாலு ஆகறப்போ மறக்காம சொல்லு, நான் கேக் செஞ்சு வைக்கிறேன்'னாங்க."

நெவ் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

"நடந்துச்சுடா, நெவ்" என்றார் கோரல். "அஞ்சு வருஷம்."