கரியனின் வலது விலா

அந்தக் குளிர்காலத்தில் கரியனுக்கு வலது பக்கம் மட்டும்தான் பொடுகு. இடது பக்கம் பளபளவென்று இருந்தது. கையை வைத்தால் வழுக்கும். வலது விலாவைத் தடவினாலோ உப்பைத் தூவியதுபோல் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன. நாய் அட்டக்கருப்பு என்பதால் மறைக்கவும் வழியில்லை.

வேறு வீட்டு நாயாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கரியன் வளர்ந்தது சலூனில். கடைக்காரர், எல்லோருக்கும் 'மாஸ்டர்', இருபது வருடமாக மனிதத் தலைகளிலிருந்து பொடுகை விரட்டிப் பேர் வாங்கியவர்.

"என்ன மாஸ்டர், வீட்டு நாய்க்கே வைத்தியம் பலிக்கல. என் தலைய நம்பி எப்படிக் குடுக்கிறது?" என்று வம்புக்கிழுத்தார் பஸ் டிரைவர். வாராவாரம் வரும் ஆள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க, கடையிலேயே உசத்தியான பொடுகு ஷாம்பு போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் கரியனைக் குளிப்பாட்டினார். வலது பக்கச் செதில் இரண்டு மடங்கானது. இடது பக்கத்துப் பளபளப்பும் மங்கத் தொடங்கியது.

துண்டுகளைத் துவைத்து மடிக்கும் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, நேத்து ஒருத்தர் கழுத்துத் துணிய உதறி, இவன் செதில் கொட்டுறதப் பாத்துட்டு அப்படியே எழுந்து போயிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா, குளிர் முடியிற வரைக்கும் இவன் எங்க அண்ணன் வீட்டுல இருக்கட்டும்."

"உங்க அண்ணனா? அவருக்குப் பூனையப் பாத்தாலே கை நடுங்குமே!"

"கரியன் பழக்கிடுவான்."

மாஸ்டர் சிரித்தார். ஆனால் கரியனை அனுப்ப மனசில்லை. ஏழு வருடமாக, கதவைத் திறந்ததும் அவருக்கு முன்னால் உள்ளே நுழைகிற நாய் அது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் ஓடினார். அவர் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தோலைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியிலும் பார்த்தார்.

"உண்ணி இல்ல, பூஞ்சை இல்ல. என்ன ஷாம்பு போடுறீங்க?"

மாஸ்டர் பெருமையாகப் பெயரைச் சொன்னார்.

"அது மனுஷனுக்கு. நாய்த்தோல் மெல்லிசு. அதுல ஊறுற எண்ணெய்தான் குளிருக்குக் காவல். நீங்க அதை விடாம வழிச்செடுக்கிறீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. "ஷாம்பு ரெண்டு பக்கமும்தானே போட்டேன் டாக்டர்? ஒரு பக்கம் மட்டும் ஏன்?"

"அதை உங்க கடையிலதான் தேடணும்" என்றார் மருத்துவர்.

சனிக்கிழமை டிரைவர் சவரத்துக்கு வந்தார். வலது கன்னத்தில் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. இடது கன்னத்தில் சரசரவென்று இழுத்தது. மாஸ்டர் விரலால் தடவிப் பார்த்தார். தோல் காய்ந்து செதில் செதிலாக எழும்பியிருந்தது.

"இந்தக் கன்னம் மட்டும் ஏன் இப்படி?"

"பஸ்ல ஹீட்டர் காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது மாஸ்டர். நாள் பூரா வெந்து சாகுறேன்."

கத்தி அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கரியன் வழக்கம்போல் தன் பாயில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் வலது விலாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரோரம், கடை ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

"அசையாதீங்க!" பாதி நுரையோடு டிரைவரை அப்படியே விட்டுவிட்டு, பாயை எதிர்ச்சுவர் ஓரம் இழுத்துப் போட்டார். கரியன் பாயைப் பார்த்தது, மாஸ்டரைப் பார்த்தது, பழைய இடத்திலேயே வெறுந்தரையில் படுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தது.

"இங்கயும் உங்க பேச்சு எடுபடல போல" என்றார் டிரைவர், நுரைக்குள்ளிருந்து.

உள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "அவனுக்கு வாசல் தெரியணுங்க. அங்க நாற்காலி மறைக்குதுல்ல?"

மாஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு குனிந்து ஹீட்டரின் அடியைப் பார்த்தார். இரண்டு சின்னச் சக்கரங்கள். அந்தக் குளிருக்குப் புதிதாக வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட உருண்டதில்லை.

"அட, நாய எதுக்கு நகர்த்துறேன்!"

ஹீட்டர் கடகடவென்று உருண்டு பின்சுவருக்குப் போனது. மனைவி அதையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இன்னும் மூணு வாரம் பாக்கலாம். அண்ணன்கிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல."

மூன்று வாரத்தில் கரியனின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மின்னின. செய்தது இவ்வளவுதான்: ஹீட்டரை ஆறடி தள்ளி வைத்து, காற்று வறண்டுபோகாமல் அதன் பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தார்கள். மனித ஷாம்பு போய், மாதம் ஒரு குளியல், நாய்க்கான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளர் கரியன்தான். தோலில் ஊறும் எண்ணெய் முடி நுனிவரை பரவும்படி, மென்மையான பிரஷ்ஷால் ஐந்து நிமிடம்.