ஆமையின் அலாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணி இருக்கும். என் தம்பி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, உப்புக் கரைத்த வெந்நீரைக் காபி மாதிரி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஏழு நாள் பட்டினியில் அது மூன்றாம் நாள். அம்மா என் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"சாப்பிடறதுக்கு சங்கம் வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். சாப்பிடாம இருக்கறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு கேப்டன் வேற."

"நூத்திருபது வயசு வரைக்கும் இருப்பேன்மா. அப்ப பேசு."

"அப்ப எனக்குப் பல்லு இருக்காது. நீயே ஊட்டிவிடு."

அவன் சிரித்தான். அம்மா அடுப்படிக்குப் போனதும் என் பக்கம் திரும்பினான். "அக்கா, உன் போன்ல ஒண்ணு வந்திருக்கும் பாரு. சரின்னு அழுத்து."

"என்னது அது?"

"கையில இருக்கற இந்தப் பட்டை விடியக்காலைலேர்ந்து கத்திட்டே இருக்கு. கொஞ்ச நாளைக்கு வாயை மூடணும். தினமும் என்னைப் பாக்கற ஒருத்தர் சரின்னு சொல்லணுமாம்."

அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அச்சுப்படியில் என் கண் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் குறிப்புத்தாள்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. யாரும் படிக்காத எழுத்தை மூன்று தடவை படிப்பதற்கு எனக்குச் சம்பளம். போனை எடுத்தேன். பச்சையாக ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.

"தேங்க்ஸ்கா" என்று சொல்லி, என் ரொட்டியை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு எழுந்து போனான்.

புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனான். முப்பத்து நான்கு வயது.

அவனுடைய சங்கத்தில் பதினொரு பேர். பெரும்பாலும் கம்பெனிகளின் கணினிகளைக் காவல் காக்கிறவர்கள். எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டால் இவர்கள் போன் அலறும், இவர்கள் எழுப்பி நிறுத்துவார்கள். அந்த வேலையில் கற்றதை எல்லாம் உடம்புக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேப்டன் ஒருநாள் கேட்டாராம். அதிலிருந்து ஆரம்பித்தது. பதினொரு பேரும் கையில் பட்டை கட்டிக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை போட்டு மற்ற பத்து இதயங்களையும் பார்த்துக்கொண்டார்கள். துடிப்பு நாற்பதுக்குக் கீழே போனால் பட்டையும் அலறும், காவலில் இருப்பவர் போனும் அலறும். அவர் கூப்பிட வேண்டும். எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டும்.

எங்கள் அப்பா ஐம்பத்தோரு வயதில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சரிந்து விழுந்து இறந்துபோனவர். இப்படி ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் தம்பி போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஓடி ஓடி அவன் இதயம் பழகி, சும்மா இருக்கும்போது நாற்பத்து நாலுதான் அடிக்கும். அதனால் அங்கே அவன் பெயர் ஆமை. மெதுவாக அடிக்கிற இதயம் அதிக நாள் அடிக்கும் என்று பெருமையாகச் சொல்வான். இரண்டே வருடத்தில் எங்கள் வீடும் மாறிப்போயிருந்தது. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தது. அம்மாவின் ரத்த அழுத்தம் ஃபிரிட்ஜ் கதவில் கோடாக ஏறி இறங்கியது. "இன்னிக்கு மழை வருமாடா?" என்று கேட்டால் "அறுபது சதவீதம்கா" என்பான். நான் கிண்டல் செய்துகொண்டே அடிகளை எண்ணி நடக்க ஆரம்பித்திருந்தேன்.

புதன்கிழமை நான் வேலையில் இருந்தேன். ஒன்று இருபதுக்கு அம்மா கூப்பிட்டாள். "எழுப்பறேன், எழுந்திருக்க மாட்டேங்கறான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், பள்ளிக்கூட நாட்களில் சொல்வது போல. பட்டினியில் ரத்தத்தில் உப்புகள் நிலைகுலைந்து இதயம் தடுமாறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அந்தச் சீக்கிரம்தான் என்னை விடவில்லை. அலாரம் ஏன் அடிக்கவில்லை? பத்துப் பேர் காவலில் ஒருவன் எப்படிச் சாவான்? ஞாயிற்றுக்கிழமை அழுத்திய பட்டன் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பச்சைப் பட்டன்களை அழுத்துகிறோம்.

பதினொரு நாள் கழித்து கேப்டன் கூப்பிட்டார். ஏதாவது பெரிதாகத் தவறிப்போனால் உட்கார்ந்து ஆராய்வது தங்கள் வழக்கம் என்றும், நாங்கள் விரும்பினால் வரலாம் என்றும் சொன்னார். நான் வருவதாகச் சொன்னேன். அம்மா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒரு அலுவலகத்தின் நான்காம் மாடி. கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேசை, சுவரில் பெரிய திரை. பத்துப் பேரும் இருந்தார்கள். பத்து மணிக்கட்டுகளிலும் பட்டை. கேப்டனுக்கு நாற்பது வயது இருக்கும், கண் சிவந்திருந்தது. அவர் பக்கத்தில் இருந்த பெண்தான் அந்த வாரம் காவலில் இருந்தவள். முதல் ஐந்து நிமிடமும் அழுதபடியே லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். பொய் அழுகை இல்லை.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார் கேப்டன். "இங்க யார் பண்ணாங்கன்னு கேக்க மாட்டோம். எப்படி நடந்துச்சுன்னு மட்டும்தான் கேப்போம். யார்னு கேட்டா அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. எங்க வேலையில நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டது."

எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் பிழை திருத்தும் அறையில் இப்படி ஒரு வழக்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. கேப்டன் கடைசி வரியிலிருந்து மேலே போனார். புதன் பன்னிரண்டு நாற்பது: துடிப்பு இல்லை. பதினொன்று பத்து: முப்பத்தொன்றுக்கு இறங்கியது. இடையில் ஒன்றரை மணி நேரம். அலாரம் இல்லை.

"ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

"நிறுத்தி வச்சிருந்தான்" என்றாள் அந்தப் பெண். "பட்டினியில துடிப்பு இறங்கும், அது சகஜம். மூணு தடவை சும்மா கத்தின அலாரத்தை நிறுத்தணும்ங்கறது எங்க விதி. இல்லன்னா காது மரத்துப்போயிடும், நிஜமா கத்தும்போது யாரும் திரும்பிப் பாக்க மாட்டோம். ஆனா தன்னோட அலாரத்தைத் தானே நிறுத்த முடியாது. தினமும் நேர்ல பாக்கற இன்னொருத்தர் சம்மதிக்கணும். கண்ணால பாத்துக்குவாங்கன்னு."

கேப்டன் மேலே நகர்த்தினார். ஒன்பதாவது வரி.

ஞாயிறு, 8:14. குறைந்த துடிப்பு அலாரம் ஏழு நாளுக்கு நிறுத்தம். கேட்டவர்: ஆமை. சம்மதித்தவர்: இரண்டாவது நபர். படிக்க வேண்டிய நேரம்: இருபத்தாறு நொடி. எடுத்துக்கொண்ட நேரம்: இரண்டு நொடி.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. பொருள் மட்டும் ஏறவில்லை. பிறகு ஏறியது.

அதற்குள் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பட்டனை முப்பது நொடி சாம்பல் நிறத்தில் வைத்திருக்கலாம் என்றான் ஒருவன். 'இதை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வராது' என்று முதல் வரியிலேயே போட வேண்டும் என்றான் இன்னொருவன். பட்டினி இருக்கும்போது நிறுத்தவே விடக்கூடாது என்றாள் அந்தப் பெண். நல்ல யோசனைகள். விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அந்த ரெண்டாவது ஆளு யாரு?" என்றாள் அம்மா.

யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கேப்டனைப் பார்த்தார்கள்.

"அம்மா, அது இங்க கேக்கற கேள்வி இல்லை" என்றார் கேப்டன் மெதுவாக.

"பின்ன எங்க போய்க் கேக்கறதுப்பா? செத்தது என் புள்ளை."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் அழுத்தியிருப்பாங்க. தப்பு எங்க விதியில."

"விதி எப்படி அழுத்தும்? அதுக்கு விரல் இருக்கா?"

ஒருவன் தண்ணீர் பாட்டிலை அம்மா பக்கம் நகர்த்தினான். அவள் கவனிக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் ஒருவரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அம்மா சாகும்வரை யாரோ ஒருவரைத் திட்டிக்கொண்டிருப்பாள், அந்த யாரோவுக்கு அவளே தினமும் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

"நான்தான்மா" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயா? நீ மூணு தடவை படிப்பியேடி."

"படிக்கல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என்னை விட்டுத் திரையைப் பார்த்தாள், வெகுநேரம்.

"பதினொண்ணு பத்துக்கு நான் கூடத்துல டிவி பாத்துட்டு இருந்தேன்" என்றாள். "புள்ளை அசந்து தூங்கறானேன்னு சத்தத்தைக் கொறச்சேன். கதவையும் சாத்தினேன்." திரையைக் கைகாட்டினாள். "அதையும் எழுதிக்கோங்க."

லேப்டாப் வைத்திருந்த பெண் விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடியே இருந்தாள். எழுதவில்லை. கேப்டன் தலை குனிந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ காபிக் கோப்பையோடு நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "உனக்கு ஒரு ரொட்டியா ரெண்டா?" என்றாள். இரண்டு என்றேன். அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மறுவாரம் அவர்களின் அறிக்கை வந்தது. பன்னிரண்டு பக்கம். மூன்று தடவை படித்தேன். ஓர் இடத்தில் தேதி தவறியிருந்தது, ஒரு சொல் இரண்டு முறை வந்திருந்தது. சிவப்பு மையால் சுற்றினேன். ஒன்பதாவது வரியில் 'இரண்டாவது நபர்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'அவனுடைய அக்கா' என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன்.

கேப்டன் அன்று மாலையே கூப்பிட்டார். "மத்ததெல்லாம் மாத்திடறேன்கா. அது மட்டும் முடியாது. பேர் போட்டா நாளைக்கு ஒருத்தர் பயந்து மறைப்பார், அதனால இன்னொருத்தர் சாவார்."

"அது என் பேரு இல்லையே. உறவுதானே."

"அதுவும் வேணாம்கா. ப்ளீஸ்."

அந்த அறிக்கை ஊர் ஊராகப் போயிற்று. அவர்களைப் போன்ற சங்கங்கள் எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றிலும் படித்தார்கள். முகம் தெரியாத பலர் நன்றி எழுதினார்கள். பச்சைப் பட்டன் இப்போது முப்பது நொடி சாம்பல் நிறத்தில் காத்திருக்கிறதாம். ஒரு பெரியவர் அதனால் பிழைத்தார் என்று அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். அறிக்கையும் நான்கு தடவை திருந்திவிட்டது. தேதி சரியாகிவிட்டது, இரட்டிப்பாக வந்த சொல் போய்விட்டது.

புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எனக்கும் அனுப்புகிறார்கள். நேற்று ஐந்தாவது வந்தது. திறந்து பார்த்தேன். ஒன்பதாவது வரியில் 'இரண்டாவது நபர்' என்றுதான் இருக்கிறது.