வெள்ளை இல்லாத கடல்

அன்று அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் கண்காட்சி, நடுச்சுவர் முழுக்க அவளுடைய பாத்திக் ஓவியத்துக்குத்தான். உச்சிவெயில் கடல், பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும் என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தாள். இதுவரை அவள் செய்த கடலெல்லாம் சோப்புத் தண்ணீர் மாதிரிதான் வந்தன என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பாத்திக்கில் வெள்ளையைத் தீட்ட முடியாது, காப்பாற்றத்தான் முடியும். வெள்ளை வேண்டிய இடத்தில் மெழுகு வைத்த பிறகே துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு அண்ணியின் பொறுப்பு, சாயம் நாத்தனாரின் பொறுப்பு. மெழுகடுப்பை அணைத்துவிட்டால் அண்ணியின் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அன்று புருஷன் போனில் கூப்பிட, அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். அவரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், துணி மஞ்சள் சாயத் தொட்டிக்குள் கிடந்தது.

“அடிப்பாவி! நான் இன்னும் மெழுகே வைக்கலையேடி!”

“அடுப்பை அணைச்சிட்டீங்களே அண்ணி!”

அந்த அளவில் வேறு துணி கிடையாது. அண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் பேயறைந்தவள்போல் துணியை வெளியே தூக்கினாள். அதன் ஒரு முனை பக்கத்திலிருந்த கருநீலத் தொட்டியின் மேலே தொங்கியது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் பளீரென்று எரிந்தது.

அண்ணி துள்ளி எழுந்தாள். “அடுப்பைப் பத்த வைடி! மஞ்சளுக்கே மெழுகு வைக்கிறேன். மிச்சத்தை எல்லாம் கருநீலத்துல முக்கு!”

“உச்சிவெயில்ல கடல் கறுப்பாவா இருக்கும்?”

“தண்ணியில வெயில் பளபளக்கும்போது கரையில நின்னு பார்த்திருக்கியா? அந்தப் பளபளப்பைத் தவிர மத்ததெல்லாம் கறுப்பாத்தானே தெரியும்?”

அதற்குப் பிறகு இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணி நீளமாக ஒரு பட்டையும் அதைச் சுற்றிச் சிதறல்களுமாக மெழுகை இழுத்தாள். நாத்தனார் முக்கினாள், உலர்த்தினாள், மறுபடி முக்கினாள். மஞ்சள்மேல் நீலம் ஏறிக் கடல் முதலில் பச்சையானது, அப்புறம் கறுத்தது. மெழுகு மூடியிருந்ததால் ஒளி எப்படி வந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

கொதிநீரில் மெழுகு கழன்று மிதந்தது. துணியை அலசி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஜன்னலோரம் விரித்தார்கள். நாத்தனார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னடி, கண்ணுல சாயம் தெறிச்சிடுச்சா?”

“இல்ல அண்ணி. கூசுது.”