ஆஸ்பத்திரியில் இல்லாத பவுலினா

சனிக்கிழமை சாயங்காலமானால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டி நிற்கும் எல்லா வீட்டு டிவியிலும் ஒரே நிகழ்ச்சிதான் ஓடும். வீதியில் பொலிஸார் வாகனங்களை மறிப்பார்கள், கமராவும் கூடவே போகும். மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழியைப் பார்த்து நாடே சிரிக்கும். யேசுரத்தினம் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பான். ஹல்துமுல்லை ஸ்டாண்டில் பல வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவன் அல்லவா, எவன் எங்கே பிழை விட்டான் என்று வீட்டிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்வான். எவனாவது பொலிஸைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் போதும், "இவனெல்லாம் ஒரு ஆம்பள" என்று காறித் துப்பாத குறைதான்.

"ஒரு நாளைக்கி நீங்க மாட்டுவீங்க, அப்பத் தெரியும்" என்பாள் அவன் மனைவி பவுலினா.

மாட்டினான். பெரகலைக்குப் போகிற வழியில், மலையை ஒட்டித் திரும்பும் வளைவில், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸை நடுக்கோட்டைத் தாண்டி முந்தினான். எதிரே வந்த லொறிக்காரன் கெட்டிக்காரன், பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டினான். இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வளைவு முடிகிற இடத்தில் பொலிஸ் நின்றது. பொலிஸுக்குப் பக்கத்தில் கமரா நின்றது.

ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு. பொலிஸ் மறித்தால் வாயில் முதலில் வரவேண்டிய சொல் ஆஸ்பத்திரி. யாரையாவது உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். செத்துப்போன மாமியாரைத் திரும்பத் திரும்பச் சேர்த்த புண்ணியவான்களும் அங்கே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதே யேசுரத்தினம்தான். "பொஞ்சாதி புள்ளய மட்டும் இழுத்துறாதீங்கடா, பலிச்சிரும்" என்று எச்சரிப்பதும் அவன்தான். கமரா முகத்துக்கு நேரே வந்ததும் அந்த எச்சரிக்கை அவனுக்கே மறந்துபோயிற்று.

"சார், எம் பொஞ்சாதி பதுள பெரியாஸ்பத்திரியில சார். இன்னைக்கி ஒப்பரேசன் சார். அதுதான் அவசரத்துல..."

கைகள் தாமாகக் கும்பிட்டன. கண்ணீரும் வந்தது. பொய்க்கு எங்கிருந்து கண்ணீர் வந்ததென்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறித்தவர் சார்ஜன் பலீல். தியத்தலாவைப் பக்கத்து மனுஷன், தமிழ் பேசுகிறவர், குரல் பெரிது. "பொஞ்சாதி ஆஸ்பத்திரியில எண்டா நீயும் போய்ப் பக்கத்துக் கட்டில்ல படுக்கவா பாக்கிற? அந்த லொறி அடிச்சிருந்தா நாளைக்கி அவள யாரு பாக்கிற? அறிவு கெட்டவனே!" என்று கத்திவிட்டு, தண்டத்துக்கு எழுதிக் கையில் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்தால் அதில் வேண்டாத சொல் கடைசிச் சொல் மட்டுந்தான்.

அந்தச் சனிக்கிழமை யேசுரத்தினம் வீட்டு டிவியைப் போடவில்லை. போட்டு என்ன, போடாமல் என்ன. லயத்துச் சுவர் மெல்லியது. இந்தப் பக்கத்து வீட்டிலும் அந்தப் பக்கத்து வீட்டிலும் அவனுடைய அழுகையே ஓடியது. அரிசி கழுவிக்கொண்டிருந்த பவுலினா கையை நிறுத்திக் கேட்டாள். தனக்கு ஒப்பரேசன் நடக்கிற செய்தி அவளுக்கே அப்போதுதான் தெரியும். "ஏங்க, என்னய எந்த வார்டுல போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி அரிசியைக் கழுவினாள்.

மறுநாள் எவனோ அதை வெட்டி பேஸ்புக்கில் போட்டான். வளைவு இல்லை, பஸ் இல்லை, லொறி இல்லை. அழுகிற ஒரு தோட்டத்து மனிதன், "பக்கத்துக் கட்டில்ல படுக்கவா பாக்கிற" என்று கத்துகிற ஒரு பொலிஸ்காரர், கீழே சிங்களத்தில் எழுத்து. அவ்வளவுதான். நாடு கொதித்தது. ஏழை என்றால் இவ்வளவு இளப்பமா, இவனெல்லாம் மனைவியோடு வாழ்கிறவனா என்று எழுதினார்கள். பலீலின் தாயை இழுத்தார்கள், மதத்தை இழுத்தார்கள். இரக்கப்படுகிறவர்களுக்கு இத்தனை கெட்ட வார்த்தை தெரிந்திருக்கிறதே என்று வாசித்தவர்கள் வாயைப் பிளக்கவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கையில், கங்காணி வீரய்யா பவுலினாவைப் பார்த்துக் கேட்டார். "என்னம்மா, தையலு பிரிச்சாச்சா? மலைக்கு ஏறலாமா?" பெரட்டுக்களமே சிரித்தது. பவுலினாவும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

அந்தச் சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியானம் பதுளையிலிருந்து மகள் ஜெசீகா போன் எடுத்தாள். அங்கே துணிக்கடையில் வேலை செய்கிறாள். வீடியோவைப் பார்த்த உடனே வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அம்மா வேலை செய்யும் மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது, அப்பா போனை எடுக்கவில்லை. வார்டு வார்டாகக் கட்டிலைப் பார்த்து, கடைசியில் ஒரு நர்ஸைப் பிடித்துப் பிணவறையிலும் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, அம்மா எங்கப்பா? மறைக்காம சொல்லுங்க!"

"மலையில புள்ள. கொழுந்தெடுக்குது."

அவள் போனை வைத்துவிட்டாள். யேசுரத்தினம் ஆட்டோவுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான். சவாரிக்கு வந்தவர்கள் அவன் நிலையைப் பார்த்து, பாவம் மனுஷன் என்று வேறு ஆட்டோவில் ஏறினார்கள்.

அதன் பிறகு முன்பின் தெரியாதவர்கள் வரத் தொடங்கினார்கள். பண்டாரவளையிலிருந்து பால்மா, பழங்கள், ஒரு கம்பளி. வருகிறவர்களுக்கு லயத்து ஆட்களே வழி காட்டினார்கள். "அக்கா உள்ள படுத்திருக்குங்க, இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொன்னார்கள். பெரட்டில் சிரித்த அதே வாய்கள்தான். நம்ம ஆள் வெளியாள் முன்னால் அவமானப்படக் கூடாதென்று ஊரே சேர்ந்து பொய் சொன்னது. அதைப் பார்க்கிறபோது யேசுரத்தினத்துக்கு உடம்பு கூசியது. மட்டக்களப்பிலிருந்து முஷ்ரிபா என்று ஒரு அம்மா போனில் பேசினார். "உங்கட மனிசிக்காக நான் நோன்பு பிடிச்சிருக்கன் தம்பி" என்றார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் இழுத்தான். அந்த இழுவையை அந்த அம்மா துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை செய்தியில் சொன்னார்கள், சார்ஜன் பலீல் மீது விசாரணை தொடங்கிவிட்டதாம். வேலை போனாலும் போகலாமாம். அடுத்த நாள் பின்னேரம் டிவிக்காரன் நிமலன் கமராவோடு லயத்துக்கு வந்து இறங்கினான். நோயாளி அம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்தப் பொலிஸ்காரன் தப்ப முடியாது என்றான்.

பவுலினா அப்போதுதான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் கமராவைக் கண்டாள், புருஷனின் முகத்தைக் கண்டாள். உள்ளே போய்க் கட்டிலில் படுத்து, வந்த கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இப்ப எப்பிடிம்மா இருக்கு?" என்று நிமலன் மைக்கை நீட்டினான்.

"பரவாயில்லங்க" என்றாள் பவுலினா.

கம்பளியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களில் கொழுந்துக் கறை இன்னும் கறுப்பாக இருந்தது. யேசுரத்தினம் அதைப் பார்த்தான். இப்போது சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கமரா அவன் பக்கம் திரும்பியது. "அந்த சார்ஜனுக்கு என்ன சொல்ல விரும்புறீங்கண்ணே?" தலை தானாகக் குனிந்தது. அது நல்ல படம் என்று கமராக்காரன் கட்டைவிரலைக் காட்டினான். ராத்திரிச் செய்தியில் அந்தக் குனிந்த தலையை நாடு பார்த்து மறுபடி அழுதது.

அவர்கள் போன பிறகு பவுலினா எழுந்து கம்பளியை மடித்தாள்.

"நா படுத்ததுக்கு எனக்கு வெக்கமில்ல. ஊரு ஒலகத்துக்கு முன்னால நீங்க கொறஞ்சிறக் கூடாதுன்னு படுத்தேன். நா எந்திரிக்கிறதுக்குள்ள நீங்க உண்மையச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் பாருங்க, அதுதாங்க வெக்கமா இருக்கு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அடி கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"நாளைக்கி நா பெரட்டுக்குப் போகல. பொலிசுக்குப் போவம். நானும் வாறேன். நாஞ் சொகமா நிக்கிறத அவுங்க கண்ணால பாக்கட்டும்."

காலையில் இருவரும் போனார்கள். ஆட்டோவை வளைவில் மெதுவாகத் திருப்பினான், பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்தும் வேகம் கூட்டவில்லை. பொலிஸ் நிலையத்து வராந்தாவில் ஒரு பழைய கதிரையில், வெறும் சாரமும் சட்டையுமாக ஒருவர் விசாரணைக்குக் காத்திருந்தார். சீருடை இல்லாததால் யேசுரத்தினத்துக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அத்தனை பெரிய குரல் இந்தச் சின்ன உடம்பிலிருந்தா வந்தது? சவரம் செய்யாத முகம். கண் உள்ளே போயிருந்தது.

பலீல்தான் முதலில் பார்த்தார். அவன் பின்னால் வந்த பெண்ணைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். நேற்று ராத்திரி நாடு முழுக்கப் பார்த்த முகம் அல்லவா. தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தோளில் கிடந்த துணியால் தட்டி, அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இருங்க தங்கச்சி, இருங்க. பச்ச உடம்போட ஏன் இந்தத் தூரம் வந்தீங்க? வயித்துல வலியில்லையே?" என்றார். பிறகு யேசுரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, அண்டைக்கி நான் கொஞ்சம் கூடத்தான் ஏசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

பவுலினா கதிரையில் உட்காரவில்லை. மலைக்கு ஏறுகிற இரண்டு கால்களையும் ஊன்றி, நேராக நின்றாள். பலீல் கதிரையைப் பிடித்தபடியே நின்றார்.

"சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.