கூழஞ்சக்கை விழுந்த வாசகர் வட்டம்

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் எழுபது வருடமாக நடந்த ஒரு போரை, ஒரே ஒரு கூழஞ்சக்கையால், அதுவும் மரத்தைவிட்டு இறங்காமலேயே முடித்துவைத்தவன் நான். இரண்டு அரசாங்கமும் இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. போகட்டும், இந்த வெயிலில் வேர்க்கும்.

சக்கை என்றால் பலா. எங்கள் பக்கம் அதில் இரண்டு இனம். வரிக்கைச் சுளை கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழன் பழுத்தால் கஞ்சி மாதிரி விரலிடுக்கில் வழியும். வரிக்கை மரத்துக்கு முள் கட்டிக் காவல் இருப்பார்கள். கூழன் மரத்தைக் கள்ளன்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்த அற்பச் சக்கையை வைத்தா போரை முடித்தீர் என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். நான் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரராஜ். என் விசிலுக்கு முட்டம் கடலில் அலையே வரிசையில் நின்றிருக்கிறது. அதையும்தான் அவர்கள் நம்பவில்லை.

போர் என் சிநேகிதன் ரசலையன் குடும்பத்துப் போர். அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் களியக்காவிளைப் பக்கம் ஒரே விளையில், தோப்பு என்று வையுங்கள், அடுத்தடுத்து வீடு கட்டி இருந்தவர்கள். ஐம்பத்தாறில் மாநிலம் பிரிந்தது. அடுத்த மாசியில் அளக்க வந்தவர்கள் விளையின் நடுவில் எல்லைக்கல்லை நட்டார்கள். அண்ணன் வீடு கேரளம், தம்பி வீடு தமிழ்நாடு, கல்லை ஒட்டி ஒரு சக்கை மரம். மரம் எந்த மாநிலம் என்று கல் நட்டவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. அன்றைக்கே தம்பி வெட்டுக்கத்தியோடு மரத்தில் ஏறினார். அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். சத்தம் கேட்டு ஆட்கள் வந்தபோது அண்ணன் தோள் எலும்பு முறிந்து, கல்லின்மேல் மண்டை பிளந்து ரத்தத்தில் கிடந்தார். தம்பி வெட்டுக்கத்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நடுவில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பிழைத்தெழுந்த அண்ணனுக்கும் அந்த நேரம் நினைவில் தங்கவில்லை. சக்கை விழுந்தது என்று சாகும்வரை சொன்னார் தம்பி. தம்பி வெட்டினான் என்று சொன்னது அண்ணன் வீடு. அதன் பிறகு நடந்த சண்டைகளை எழுதினால் வேதப்புத்தகத்தைவிடத் தடிமனாக வரும். ஒரு கல்யாணத்தில் சாம்பார் வாளி ஒருவர் தலையில் தொப்பியாக இறங்கியது. களியக்காவிளைச் சந்தையில் தேங்காய் வீசிக்கொண்டதில் இரண்டு மாநிலத்திலும் அந்த வாரம் துவையல் இல்லை. ஒரு சாவு வீட்டில் பிணத்தைத் தவிர எல்லாரும் அடி வாங்கினார்கள். பிணமும் ஒரு தடவை கையை ஓங்கியது என்றுதான் நான் சொல்லுவேன்.

அடிக்குப் பயந்து தம்பி குடும்பம் நெய்யூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. பேச்சும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் ரசலையனுக்கு ‘வெட்டுக்காரன் மகன்’ என்றுதான் பெயர். எழுபது வயதிலும் சர்ச்சில் யாராவது குசுகுசுத்தால் அவன் தலை தானாகத் திரும்பும். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் அப்பன் அண்ணனை வெட்டவில்லை என்று அந்த வீட்டு வாய் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மிச்சமிருக்கும் பெரிய வாய் எபிசன், பெரியப்பாவின் மகன், கேரளத்துப் பாறசாலைக்காரர்.

எங்கள் ஊர் ஜாஸ்பின் டீச்சர் இரண்டு வீட்டிலும் கேட்டு எழுதி, பிள்ளைகளுக்கென்று ஒரு சரித்திர நாவல் போட்டாள். ‘ஒரு விளை, இரண்டு வீடு’ என்று பெயர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அட்டையில் இருந்தது. போன மாசியில் சர்ச் வளாகத்து வாசகசாலையில் கலந்துரையாடல் வைத்தபோது வந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டுக்கு மேற்பட்டவர்கள்தான். பலர் அதற்கும் அறுபது வருடம் மேற்பட்டவர்கள். எபிசனும் பிரபின் முதலான மகன்களையும் மருமகன்களையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பது பேர் இருக்கும். ஜாஸ்பின் கணக்கில் ஆறு. உள்ளே புழுக்கம் என்று வெளியே, சர்ச்சின் கூழன் மரத்தடியில் நாற்காலி போட்டோம்.

ஆரம்பத்தில் எல்லாரும் மேசைமேல் இருந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை மரியாதையாகத்தான் தின்றார்கள். கல்லைத் தாண்டி ஒரு மருமகள் சிரட்டையில் தீக்கங்கு கொடுக்க, இன்னொரு மருமகள் அதே சிரட்டையில் உப்பு திருப்பிக் கொடுக்கிற அத்தியாயத்தில் அழுதுவிட்டதாக ரசலையனின் மனைவி ராகேல் சொன்னாள். எபிசனுக்குப் பிடித்தது வேறு பக்கம். அதில் ஒரு சிறுமி தன் அப்பாவின் தோளில் எண்ணெய் தேய்க்கும்போது அங்கிருக்கும் அம்மைத் தழும்புகளைத் தொட்டுத் தொட்டு நட்சத்திரம் என்கிறாள். அது தான் சொல்லித் தந்தது என்று எபிசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பாவுக்கு ஒரு தோளில் மட்டும் அப்படி உண்டு, அம்மை கண்டது என்று அம்மை சொல்லுவாள், சின்னதில் எண்ணெய் தேய்த்துவிட்டதெல்லாம் தானே என்றார். தன் அம்மையைச் சொல்கிறாரா, வந்த அம்மையைச் சொல்கிறாரா என்று யாரும் குழம்பவில்லை, எல்லாரும் தலையாட்டினோம்.

பிறகு ஏழாம் அத்தியாயம் வந்தது. மரத்தடியில் நடந்தது மரத்துக்குத்தான் தெரியும் என்று ஜாஸ்பின் அதை முடித்திருந்தாள். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், ரத்தம் வேண்டாமே என்று நினைத்தாளாம். எபிசன் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

“மரத்துக்குத் தெரியாது டீச்சரே. எங்கப்பன் மண்டைக்குத் தெரியும்.”

ரசலையன் எழுந்தான். “அண்ணே, சக்க விழுந்ததாக்கும். எங்கப்பன் சாகும்போதும் அதத்தான் சொன்னாரு.”

“அந்த மரம் கூழன். நானும் தின்னு வளந்தவன். கூழஞ்சக்க விழுந்தா சட்ட நாறும். எலும்பு ஒடியுமாடே?”

மாசியில் சக்கை பழுக்காது, பச்சையாகத்தான் இருந்திருக்கும் என்று ரசலையன் சொல்லிப் பார்த்தான். பச்சையோ பழமோ, கூழன் கூழன்தான் என்றார் எபிசன். அதோடு விட்டிருந்தால் காப்பி குடித்துவிட்டுக் கலைந்திருப்போம். பிரபின் மட்டும் வாய்க்குள், “வெட்டுக்காரன் வீட்டு நியாயம்” என்றான். ராகேல் கையிலிருந்த புத்தகத்தால் அவன் வாயில் ஓங்கி ஒன்று வைத்தாள். கெட்டி அட்டை. உதடு கிழிந்து ரத்தம் முன்னுரை முழுக்கத் தெறித்தது.

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு மட்டும்தான் தகுதி உண்டு. நாற்காலிகள் பறந்தன, ஒன்று கோபுரத்து மணியில் பட்டு ஆராதனைக்கு அடித்தது. ஒருவன் மூக்கு ஒடிந்த சத்தத்தை நான் தனியாகக் கேட்டேன், அப்பளம் ஒடிகிற மாதிரி. முந்திரிக்கொத்து எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று போய் ஒரு மருமகனின் புருவத்தைப் பிளந்தது. கண் மூடி ரத்தம் தாடிவரை இறங்கியது. எங்கள் ஊர்க் கோயில்பிள்ளையின் பல்செட் கழன்று தட்டில் விழுந்து, அங்கிருந்தபடியே ஒருவன் விரலைக் கடித்தது. ஜாஸ்பின் மேசைக்கு அடியில் போய்விட்டாள். நான் விசில் ஊதினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் வரிசையில் நிற்கவில்லை.

பேச்சில் தீராததைச் செய்து காட்டித்தான் தீர்க்க வேண்டும் என்பது டிரில் மாஸ்டர் புத்தி. வாசகசாலைக் கொல்லையில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்தேன். மரத்தில் ஏறினேன். மூன்று பனை உயரம் ஏறினேன். சரி, ஒரு பெஞ்சின்மேல் கால் வைத்து முதல் கவட்டில் நின்றேன். தலைக்கு மேலே ஒரு பச்சைச் சக்கை, ஒரு கன்றுக்குட்டி அளவு. கயிறு கட்டி, கீழே இரண்டு பேர் சாக்கு விரித்து நிற்க, மெல்ல இறக்குவதுதான் எங்கள் பக்கத்து முறை. இன்று விழுவதுதானே பாடம், கயிறு எதற்கு? நேர் கீழே காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அது நொறுங்குவதை எபிசன் பார்த்தால் போதும். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு காம்பில் ஒரு வெட்டு போட்டேன். பால் பீச்சி என் கண்ணில் அடித்தது.

எபிசன் பார்த்துவிட்டார். சண்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் என் காலைப் பிடித்து இழுத்தார்.

“எங்க மரம்லே. இறங்குலே கீழ.”

நெய்யூர் சர்ச் மரம் எப்போது பாறசாலைக்குப் போயிற்று என்று கேட்க எனக்கு நேரமில்லை. அவர் இழுத்த இழுப்பில் இரண்டாம் வெட்டு தானாக விழுந்தது. காம்பு அறுந்தது. சக்கை அவர் தோளில் இறங்கிய சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் இருக்கிறது; பச்சை விறகு ஒடிகிற சத்தம். எபிசன் பக்கவாட்டில் சாய்ந்தார், தலை பெஞ்சின் முனையில் மோதிப் பிளந்தது. என் கையிலிருந்த வெட்டுக்கத்தி நழுவி அவருக்குப் பக்கத்தில் விழுந்தது. சக்கை உருண்டு ஓடைக்குள் போயிற்று.

முதலில் ஓடிவந்தவன் ரசலையன். அண்ணே அண்ணே என்று அவரைத் தூக்கினான். யாராவது மிதித்துவிடுவார்கள் என்று வெட்டுக்கத்தியை எடுத்து ஓரமாக வைக்கப் போனான். அந்த நேரம் பார்த்துப் பிரபின் திரும்பினான். அவன் கண்டது இவ்வளவுதான்: அப்பா ரத்தத்தில் கிடக்கிறார், சித்தப்பா கையில் வெட்டுக்கத்தி.

“அப்பாவ வெட்டிட்டாரு.”

நான் மரத்திலிருந்து கத்தினேன், நான்தான் போட்டேன், சக்கையாக்கும் என்று. விசில் வாயில் இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. மகன்களும் மருமகன்களும் ரசலையன்மேல் விழுந்தார்கள். நாற்காலிக் காலால் அடித்தார்கள், விலாவில் மிதித்தார்கள். அவன் தடுக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, “நான் வெட்டல்ல மக்கா, நான் வெட்டல்ல” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டியும் இருக்கவில்லை.

இருவரையும் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ரசலையனுக்கு விலா முறிந்து, முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. எபிசனுக்குத் தலையில் தையல். தோளில் கட்டுப் போடுவதற்கு முன் எக்ஸ்ரே படம் எடுக்கக் காத்திருந்தார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். சக்கை விழுந்தது என்று அவரிடம் நான் சத்தியம் செய்தேன். ஊரில் நாலு பேரிடம் விசாரித்தாராம். சுந்தரராஜ் சார் சொன்னால் எட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நாலு பேரும் சொல்லியிருக்கிறார்கள். எழுபது வருடம் ஆசையாக வளர்த்த பெயர் எனக்கு வேண்டிய நேரத்தில் கை கொடுக்கவில்லை. ஜாஸ்பின் மேசைக்கடியில் இருந்தவள். மற்றவர்கள் கடிக்கவும் கடிபடவும் இருந்தார்கள். எபிசன் வாயைத் திறந்தால்தான் உண்டு. அவர் கண் திறந்ததும் பிரபின் குனிந்தான்.

“சித்தப்பா வெட்டினாருன்னு சொல்லுங்க அப்பா. எழுத ஆள் நிக்கி.”

ரசலையன் தன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அப்பனுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி.

அப்போது ஒரு நர்ஸ், தலைமுடியில் ஒட்டிய சக்கைப் பாலை எடுக்கத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். சட்டையைக் கத்தரித்து விலக்கியவள், தோளில் இதென்ன, புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறதே என்று கேட்டாள். எபிசன் நல்ல கையைத் தூக்கி மெதுவாகத் தடவினார். ஒவ்வொரு புள்ளியாக விரல் போயிற்று. அப்பன் தோளில் எண்ணெய் தேய்த்துப் பழகிய விரல். வழி தெரிந்ததுபோல் போயிற்று. பிறகு என்னைப் பார்த்தார்.

“சாரே, நான் உங்க காலத்தான் பிடிச்சேன், இல்லியா?”

ஆமாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது, வலியில் என்று பிரபின் நினைத்திருப்பான்.

“அப்பனும் அதத்தான் செஞ்சிருப்பாரு” என்றார். பிறகு வாசலில் நின்றவரை விரலசைத்துக் கூப்பிட்டார். அடுத்த கட்டிலுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல், வலியைக் கடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

“எழுதிக்கிடுங்க. யாரும் வெட்டல்ல. சக்கதான் விழுந்துச்சு. எனக்கும், எங்கப்பனுக்கும்.”