மேக்கணக்கு ஏற்றம்

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பசறையில் மலையோட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியதும், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் பொன்னையாதான். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடமாகத் தோட்டத்துத் தபால்காரர். தினமும் பசறைத் தபாற்கந்தோரில் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் ஏறுவார். மேக்கணக்கு என்று எல்லோரும் சொல்கிற மேல்பிரிவு வரைக்கும் லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றிலும், கடிதம் கொடுத்துவிட்டு இறங்குவார். ஓட்டமும் அதே ரோட்டில்தான். டவுனிலிருந்து மேக்கணக்குத் தேயிலைத் தொழிற்சாலை வரை ஏறி, திரும்பி வர வேண்டும். அந்த ரோட்டைத் தன்னைப்போல யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. நடப்பதும் ஓடுவதும் ஒன்றுதான் என்று நினைத்ததுதான் தப்பு.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. மூன்று நாளாக விடாத தூறல், பனிமூட்டம், வாயைத் திறந்தால் புகை. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் எண்பது பேர்வரை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஹார்ட்வெயார் கடை அஸீஸ் நானாவும் வந்திருந்தார். பொன்னையாவைவிட இரண்டு வயது மூத்தவர். தினமும் தபாற்கந்தோர் வாசலில் வைத்து அவரைச் சீண்டாவிட்டால் அஸீஸ் நானாவுக்குப் பொழுது போகாது. இப்போது காலில் மஞ்சள் நிறத்தில் புதுச் சப்பாத்து, கையில் நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற கடிகாரம். பொன்னையாவின் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிறீர்களா என்று கேட்டார்.

விசில் ஊதியது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பொன்னையாவுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. பை இல்லாமல் இந்த ரோட்டில் ஏறிப் பழக்கமே இல்லை. இருபத்தாறு வருடமாக வலது தோளில் தொங்கிய பாரத்துக்கு ஈடுகொடுத்த உடம்பு, பாரம் இல்லாதபோதும் இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து ஓடியது. பக்கத்தில் ஓடியவர் அவருக்கு மப்பு என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு தரம் விலகி வழிவிட்டார்.

கீழ் லயங்களில் சனங்கள் குடையோடும், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பொன்னையாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கடுதாசி இருக்கா என்றுதான் கேட்டார்கள். முதல் லயத்தில் இன்று ஞாயிற்றுக்கிழமை என்று மூச்சு வாங்க விளக்கம் சொன்னார். இரண்டாவது லயத்தில் தலையை மட்டும் ஆட்டினார். நாலாவதில் அதற்கும் தெம்பில்லை. விரல்கள் விறைத்துவிட்டன. காதுக்குள் தண்ணீர் இறங்கியது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. அதற்குள் இளவட்டங்கள் மேலே தொட்டுவிட்டுக் காற்றாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மேக்கணக்கு ஏற்றத்தின் மூன்றாவது வளைவில் பாக்கியலெட்சுமி குடை பிடித்து நின்றாள். கொழுந்து எடுக்கிறவள். மகன் அஜந்தன் ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த நாளிலிருந்து, ஏழு மாதமாகத் தபால் வந்ததா என்று அவள் கேட்காத நாள் இல்லை. இன்றைக்கு அவள் கேட்கவில்லை. ஒரு டம்ளர் இஞ்சித் தேத்தண்ணியை நீட்டினாள். இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பொன்னையா மேலே ஓடினார்.

முப்பது எட்டு எடுத்து வைத்திருப்பார். அவள் கேட்காதது நெஞ்சை உறுத்தியது. ஏனென்றால் தபால் வந்திருந்தது. நேற்று மதியம் தபாற்கந்தோர் மேசையில் அவரே கண்ணால் பார்த்தார். பதிவுத் தபால் என்பதால் அவரைத் திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைத்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு முறைப்படி கையில் கொடுத்து, அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார். ஆனால் இவள் இன்னொரு ராத்திரியும் காத்திருக்க வேண்டுமா? உயிரைக் கொடுத்து ஏறிய முப்பது எட்டையும் பொன்னையா திரும்பி இறங்கினார்.

"பாக்கியம், அஜந்தன் பேருக்கு ரெஜிஸ்டர் தபால் வந்திருக்கு. நாளைக்குத்தான் கைக்கு வரும்."

அவள் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "நல்லதாண்ணே, கெட்டதா?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா கவரு நல்லா தடிச்சிருக்கு. இல்லேன்னு சொல்றதுக்கு ஒரு தாளு போதும்மா."

இருபத்தாறு வருட அனுபவத்தில் சொன்ன கணக்கு அது. மறுநாள் பிரித்தபோது நியமனக் கடிதமும் அதோடு நிரப்பி அனுப்ப வேண்டிய நாலைந்து படிவங்களும் இருந்தன. ஆனால் பாக்கியலெட்சுமி மறுநாள்வரை காத்திருக்கவில்லை. சிரித்தாள், அழுதாள், குடையை மடக்கினாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து ஓடத் தொடங்கினாள். லயத்துக்கு லயம் அவளே சத்தம் போட்டுச் சேதி சொல்லிக்கொண்டு வந்தாள். மேல் லயத்தில் யாரோ கூரை இறவாரத்துக்குக் கீழே நின்று தப்பு மேளத்தை எடுத்து அடித்தார்கள். அடிக்கு ஏற்ற மாதிரி கால் தானாக விழுந்தது. தொழிற்சாலை வாசலில், ஏறி முடித்ததற்கு அடையாளமாகக் கையில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டபோது, தான் எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று பொன்னையாவுக்கே தெரியவில்லை.

இறக்கம் வேறு மாதிரிச் சோதித்தது. முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் முறையிட்டது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ரோட்டோர மதகுச் சுவரின் மேல் ஒரு மஞ்சள் சப்பாத்து தெரிந்தது. அஸீஸ் நானா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். பொன்னையா ஈரத் தரையில் குந்தி, அவர் காலை நீட்டி, பெருவிரலைப் பின்னால் மடக்கி, கெண்டையை உருவிவிட்டார். மலையில் ஏறி இறங்குகிறவருக்குத் தெரியாத வைத்தியமா அது?

"என்னையப் பாத்துக்கிட்டு இருக்காம போங்க பொன்னையா. உங்களுக்கு முந்திப் போக நல்ல சான்ஸ்."

"நீங்க இல்லாம நா யாரை முந்துறது நானா?"

இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே சேர்ந்து இறங்கினார்கள். கதை பேசிக்கொண்டே வந்ததில் குளிர்கூடத் தெரியவில்லை. டவுன் எல்லையில் பனிமூட்டம் விலகிக் கடைசி முந்நூறு மீட்டர் கண்ணுக்குப் பட்டதும், அஸீஸ் நானா ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், காலில் ஒன்றுமே நடக்காதவர் போலப் பாய்ந்துவிட்டார். பொன்னையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துரத்தினார். சிரிப்பும் ஓட்டமும் ஒன்றாக வராது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. நாலு எட்டு வித்தியாசத்தில் தோற்றார். அவர்கள் பிரிவில் ஓடியவர்கள் ஐந்து பேர். அஸீஸ் நானா நாலாவது, பொன்னையா ஐந்தாவது.

பதுளை பஸ் புறப்படுகிற நேரம் அது. முடிவுக்கோடு ரோட்டுக்குக் குறுக்கே இருந்ததால் பஸ் நின்றுகொண்டிருந்தது. சன்னல் முழுக்கத் தலைகள். கண்டக்டர் மிதிபலகையில் நின்று கைதட்ட, உள்ளே இருந்தவர்களும் தட்டினார்கள். பொன்னையா அந்தக் கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் நிமிர்ந்து, பின்னால் இனி யாரும் இல்லை, போகலாம் என்று டிரைவருக்குக் கை காட்டினார். டிரைவர் நீளமாக ஒரு ஹோர்ன் அடித்துவிட்டு பஸ்ஸை எடுத்தார்.